பந்தியில் ஒரு பத்தியக்காரர்

நாமக்கல்லை அடுத்த ஒரு சிற்றூரில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கடிதம் எழுதியிருந்தார். தம் பண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் கலப்பதற்கென்று இரண்டு விற்பனைப் பிரதிநிதிகள் இரண்டு விதமான குளோரின் டை ஆக்ஸைடைக் கொண்டுவந்து கொடுத்ததாகவும், ஒருவருடைய சரக்கு ஏ, பி என்று குறியிட்ட இரண்டு கேன்களில் வருவதாகவும், மற்றவருடையது ‘நிலைப்படுத்தப்பட்டது’ என்ற பெருமையோடு ஒரே கேனில் வருவதாகவும், விலையில் ஒற்றைக் கேன்தான் உயர்வு என்றும் விவரித்துவிட்டு, “இதில் எது நெசம்?” என்று கடைசி வரியில் கேட்டிருந்தார். விஞ்ஞானக் கட்டுரை எழுதுகிறவனுக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை பிரபஞ்சத்தின் ஆதியையும் அந்தத்தையும் பற்றியவை. எவரும் சரிபார்க்க வரப்போவதில்லையாதலால் அவற்றுக்குப் பதில் எழுதிவிட்டு நிம்மதியாக உறங்கலாம். இதுவோ நாற்பதாயிரம் கோழிகள் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய கேள்வி. நேரில் போய்ப் பார்ப்பதே முறை என்று தோன்றியது.

போனதும் அவர் காட்டியது கேன்களை அல்ல; செட்டின் ஓரமாகக் கழற்றிப் போட்டிருந்த ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டை. அதை ஹாக்ஸா பிளேடால் நெடுக அறுத்துப் பிளந்து வைத்திருந்தார். வெளியே வெள்ளை வெளேரென்று இருந்த அந்தக் குழாயின் உட்புறத்தில், பழங்கிணற்றுப் படியில் படிந்த பாசியைப் போலத் தவிட்டு நிறத்தில் ஒரு வழவழப்பு ஒட்டிக்கொண்டிருந்தது; விரல் வைத்தால் வழுக்கியது; முகர்ந்தால் வைட்டமின் மருந்தின் இனிப்பும் அழுகலின் புளிப்பும் சேர்ந்தடித்தன.

“பிளீச்சிங் பவுடர் போட்டுட்டுத்தானுங்க இருக்கறோம். தொட்டி என்னமோ சுத்தமாத்தான் இருக்குதுங்க. கொழாய்க்குள்ள இருக்கறது மட்டும் அசைய மாட்டேங்குது” என்றார்.

தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்தும் சத்தும் கோழிக்குப் போய்ச் சேருமுன் வழியிலுள்ள நுண்ணுயிர்களுக்கு விருந்தாகிவிடுகின்றன. அவை குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பிசினைச் சுரந்து ஒரு கூடாரம் அடித்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்துகின்றன. அந்தக் கூடாரத்தைப் பிளீச்சிங் பவுடர் ஏன் கலைக்கவில்லை, இன்னொரு சரக்கு ஏன் கலைக்கக்கூடும் என்ற கேள்வியில்தான், எனக்கு ரசாயன சாஸ்திரத்தில் மிகப் பிரியமான சங்கதிகளில் ஒன்று ஒளிந்திருக்கிறது.

பெயரைக் கேட்டால் குளோரின் டை ஆக்ஸைடு என்பது குளோரினுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று நினைக்கத் தோன்றும்; சுபாவத்திலோ இருவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குளோரின் தண்ணீரில் இறங்கியதும் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறிவிடுகிறது. கிருமியைக் கொல்லும் வீரியம் அந்த அமிலத்துக்கே உரியது. ஆனால் பி.எச். 7.5 ஆகும்போது அதில் பாதி, வீரியம் குன்றிய ஹைப்போகுளோரைட்டாகப் பிரிந்துபோகிறது. 8 ஆனால் கால் பங்குதான் மிச்சம். நம்முடைய ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் அந்த 8-ஐச் சுற்றியே இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், மூட்டை மூட்டையாகக் கொட்டும் பிளீச்சிங் பவுடரில் முக்கால் பாகம் அரைத்தூக்கத்தில் வேலை பார்க்கிறது என்பது விளங்கும். குளோரின் டை ஆக்ஸைடு தண்ணீரோடு எந்த வினையும் புரிவதில்லை. சோடாவில் கரியமிலவாயு கரைந்திருப்பதைவிடவும் ஒதுங்கியே அது தண்ணீரில் கரைந்திருக்கிறது. வாயுவாகவே புகுந்து வாயுவாகவே திரிகிறது. பி.எச். 4 ஆனால் என்ன, 10 ஆனால் என்ன, அதற்கு அக்கறையில்லை.

அதன் உண்மையான விசேஷம் வேறோரிடத்தில் இருக்கிறது. குளோரினின் வெளிவட்டத்தில் 7 எலெக்ட்ரான், இரண்டு பிராணவாயு அணுக்களுக்கும் ஆறு ஆறாக 12, கூட்டினால் 19. ஒற்றைப்படை! எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகவே குடித்தனம் செய்யும் என்று பள்ளியில் படித்த நமக்கு, ஒரு மூலக்கூறில் ஓர் எலெக்ட்ரான் தனித்து நிற்பது அபசகுனமாகப் படும். அப்படித் தனித்து நிற்பவை வழக்கமாகத் தம்மைப் போன்ற இன்னொன்றைத் தேடிப் பிடித்து இணைந்துகொள்ளும். நைட்ரஜன் டை ஆக்ஸைடின் பழுப்பு வாயுவைக் குளிர்வித்தால் நிறம் வெளுப்பது அவ்விதம் இரண்டிரண்டாய் இணைவதனால்தான். குளோரின் டை ஆக்ஸைடோ இணைவதில்லை. அதன் தனி எலெக்ட்ரான் ஓர் அணுவின் தலைமேல் உட்கார்ந்திராமல் மூன்று அணுக்களின்மீதும் பரவிக் கிடப்பதால், இன்னொரு மூலக்கூறோடு கைகோக்க நீட்டுவதற்கு அதனிடம் கையே இல்லை. 1933-இல் பிராக்வே என்ற அமெரிக்க ரசாயனி இதை ‘மூன்று எலெக்ட்ரான் பிணைப்பு’ என்று வர்ணித்தார்.

ஆக, தன் இனத்தோடு சேராது, தண்ணீரோடும் சேராது, ஒரே ஓர் எலெக்ட்ரானுக்கு மட்டும் இடம் வைத்துக்கொண்டு அலையும் இந்த மூலக்கூறை ஒரு கல்யாணப் பந்தியில் கொண்டுபோய் உட்கார வைத்துப் பார்ப்போம். குளோரின் என்பது முதல் பந்தியில் முதல் இலையில் உட்காருகிற பெரும் தீனிக்காரர். அம்மோனியா என்றாலும் சரி, இலைதழை மட்கிய கசடு என்றாலும் சரி, இரும்பு என்றாலும் சரி, இலையில் விழுந்ததையெல்லாம் ஒரு கை பார்த்துவிட்டு, எந்தக் காரியத்துக்காக அழைக்கப்பட்டாரோ அதற்குமுன் ஏப்பம் விட்டு எழுந்துவிடுவார். பிசின் கூடாரத்தின் மேல்தோலிலேயே அவர் பசி அடங்கிவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள். குளோரின் டை ஆக்ஸைடு பத்தியக்காரர். அம்மோனியா வேண்டாம், சர்க்கரை வேண்டாம் என்று இலை இலையாகக் கும்பிட்டுக்கொண்டே நகர்ந்து, தமக்கு ஒத்துக்கொள்ளும் பதார்த்தம் எங்கே இருக்கிறதோ அதுவரை நடந்து போய், அங்கும் ஒரே ஒரு வடையை மட்டும் எடுத்துக்கொள்வார். அந்தப் பதார்த்தங்கள் சொற்பம்: ஃபீனால் வகைகள், கந்தகம் தாங்கிய சிஸ்டீன், டைரோசின், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலங்கள், சில அமீன்கள். ஆனால் அந்த அமினோ அமிலங்கள் இல்லாமல் எந்தக் கிருமியின் புரதமும் இயங்காது. ஒரு வடை போனதும் அங்கே புரதத்தின் மடிப்புக் குலைந்து, சவ்வு ஓட்டையாகி, குடித்தனம் கவிழ்ந்துவிடுகிறது.

வடையைப் பெற்றுக்கொண்ட பத்தியக்காரர் குளோரைட் என்ற பெயரோடு திண்ணையில் போய்ச் சாய்ந்துகொள்கிறார். நிறமில்லை, அவசரமில்லை. கொஞ்சம் எலுமிச்சை ரசத்தின் புளிப்பு எட்டினால்தான் எழுந்திருப்பார். அமிலம் பட்டதும், ஐந்து குளோரைட்டுகளில் நான்கு, தாம் வாங்கிய வடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் பசியோடு கிளம்ப, ஐந்தாவது அந்த நான்கு வடைகளையும் தானே தின்று சாதாரண உப்பின் குளோரைடாக அடங்கிவிடுகிறது. உண்டதைத் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டபடியால், பந்தியை இத்தோடு கலைத்துவிடுவதே மரியாதை. ஆனால் இந்த ஐந்துக்கு நான்கு கணக்குத்தான் ஏ கேன், பி கேன் இரண்டின் முழு ரகசியமும்: ஏ-இல் குளோரைட், பி-இல் அமிலம்.

கேனிலேயே தயாராக அடைத்து விற்றால் என்ன என்று கேட்கலாம். 11 டிகிரியில் கொதிக்கும் இந்தத் திரவத்தைச் சிலிண்டரில் அமுக்கி அனுப்பலாம் என்று ஆசைப்படுவது இயற்கை. ஆனால் காற்றில் பத்து விழுக்காட்டைத் தாண்டினாலே தானாக வெடிக்கும் குணமுடைய வாயு இது; அழுத்தினாலும் ஆபத்து, வெயில் பட்டாலும் சிதைவு. ஆகவே உலகத்தில் எங்கே இதைப் பிரயோகித்தாலும் அங்கேயே, அப்போதைக்கப்போது, வேண்டிய அளவு செய்துகொண்டாக வேண்டும். தோசையைத் தபாலில் வரவழைக்க முடியாது. மாவும் கல்லும்தான் வரும். இந்தத் தொழிலில் மோசடியும் ஏமாற்றமும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நடப்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரித்திரத்தை ஒரு பாராவில் முடித்துவிடலாம். 1811-இல் ஹம்ஃப்ரி டேவி பொட்டாசியம் குளோரேட்டின் மேல் அமிலத்தை ஊற்றி இந்த மஞ்சள் வாயுவைச் சந்தித்தார். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக அது வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. 1944-இல் அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரக் குடிநீர் நிலையம் முதன்முதலாக அதை வேலைக்கு அமர்த்திக்கொண்டது, அதுவும் கிருமிக்காக அல்ல, நாற்றத்துக்காக. தொழிற்சாலைக் கழிவால் ஆற்றில் ஃபீனால் கலந்திருந்தது; அதில் குளோரினைப் போட்டால் குளோரோஃபீனால் உண்டாகி, குடிதண்ணீர் ஆஸ்பத்திரி வாடை வீசியது. நம் வீட்டு டெட்டாலின் வாடையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதைத் தம்ளரில் ஊற்றிக் குடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குளோரின் டை ஆக்ஸைடு ஃபீனாலின்மேல் குளோரினை ஒட்டுவதில்லை, அதன் வளையத்தையே உடைத்துவிடுகிறது. 1956-இல் பிரஸ்ஸல்ஸ் நகரம் இதற்கு மாறியது. 1974-இல் ராட்டர்டாம் குடிநீரில் குளோரினும் மட்கும் சேர்ந்து குளோரோஃபார்ம் முதலிய டிரைஹாலோமீத்தேன்களை உண்டாக்குகின்றன என்று ரூக் என்ற டச்சு ரசாயனி காட்டியதும், அவற்றை உண்டாக்காத இந்தப் பத்தியக்காரருக்கு மவுசு கூடிவிட்டது.

ஆனால் இதன் பெரும் பகுதி குடிநீர்க் குழாய்க்குப் போவதில்லை, காகித ஆலைக்குப் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. மரக்கூழைப் பழுப்பாக்குவது லிக்னின்; லிக்னின் என்பது ஃபீனால்களைக் கோத்துக் கோத்துச் செய்த பசை; நமக்கு வேண்டிய செல்லுலோஸோ சர்க்கரை இனம். பத்தியக்காரர் இங்கும் தம் வழக்கப்படியே ஃபீனாலைத் தின்று சர்க்கரையைத் தொடாமல் எழுந்துவிடுவதால், நார் நையாமல் கூழ் வெளுக்கிறது. குளோரின் வாயுவால் வெளுத்த காலத்தில் ஆலைக் கழிவில் டையாக்ஸின் என்ற கொடிய நஞ்சு கலந்திருப்பது 1980-களில் தெரியவந்த பிறகு, உலகத்தின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இதற்கு மாறின. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் நம் கரூர் மாவட்டத்துக் காகிதபுரம் ஆலையும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. இத்தகைய ஆலைகள் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் வீதம் குளிர்ந்த நீரில் கரைத்து, தொட்டி தொட்டியாக அன்றாடம் செய்து அன்றாடம் செலவழிக்கின்றன. நீங்கள் வெள்ளைத் தாள் ஒன்றைக் கையில் எடுக்கும்போது இந்த வாயுவின் கைங்கரியத்தைத் தொடுகிறீர்கள் என்பதற்குச் சாத்தியம் அதிகம். எந்த விளம்பரமும் இதைச் சொல்வதில்லை. சொன்னால் நோய் தீர்க்கும் மருந்தாக அதை விற்பது எப்படி?

இதன் வல்லமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2001 அக்டோபர் 15-ஆம் தேதி வாஷிங்டனில் ஹார்ட் கட்டடத்திலுள்ள செனட்டர் டாஷ்லின் அலுவலகத்தில் ஒரு கடிதத்தை உடைத்தபோது, ஆந்த்ராக்ஸ் விதைகள் பொடியாகப் பறந்தன. கொதிநீரையும் பொறுக்கும் தோல் போர்த்து உறங்கும் இந்த விதைகளை, நாற்காலி, மேஜை, காகிதம், தரைவிரிப்பு அத்தனையும் அங்கேயே இருக்க, எப்படி அழிப்பது? அறைகளை மூடி ஒட்டி, ஈரப்பதத்தை ஏற்றி, டிசம்பர் முதல் தேதியில் குளோரின் டை ஆக்ஸைடு வாயுவைச் செலுத்தினார்கள். தீங்கற்ற வேறொரு பேஸில்லஸின் விதை தடவிய காகிதத் துண்டுகளை மூலைக்கு மூலை வைத்து, அவற்றில் ஏதேனும் பிறகு முளைக்கிறதா என்று பார்ப்பதே பரீட்சை. காற்றோட்டக் குழாய்களுக்கு மறுபடியும் புகை போட வேண்டி வந்தது. கட்டடம் திறந்தது 2002 ஜனவரி 22-இல். அதே வருஷ டிசம்பரில் பிரெண்ட்வுட் அஞ்சல் நிலையத்தில், அங்கே பணிபுரிந்த இருவரின் உயிரைக் குடித்த அதே விதைகளுக்காக, ஏறத்தாழ 1 கோடியே 75 லட்சம் கன அடி இடத்தை இந்த வாயுவால் நிரப்பினார்கள். அங்கே வைத்துக்கொண்ட கணக்கை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்: பத்து லட்சத்தில் 750 பங்கு வாயு, 75 விழுக்காடு ஈரப்பதம், 12 மணி நேரம். காற்று வறண்டிருந்தால் விதையின் தோல் இளகாது, வாயுவும் உள்ளே புகாது.

இதைக் குறித்துக்கொண்டபின், 2020-இல் கழுத்தில் தொங்கவிட்டால் வைரஸ் அண்டாது என்று விற்ற அட்டைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு தொழிலாளி நாள் முழுதும் சுவாசிக்கத்தக்க எல்லை என்று அமெரிக்கச் சட்டம் வைத்திருப்பது பத்து லட்சத்தில் 0.1 பங்கு. பிரெண்ட்வுட் கணக்கு அதற்கு 7,500 மடங்கு. ஆந்த்ராக்ஸ் விதையைவிட வைரஸ் எளிதில் மாளும் என்பது வாஸ்தவமே. என்றாலும், வீசுகிற காற்றில், மின்விசிறியின் கீழே, பஸ்ஸின் ஜன்னலோரத்தில், ஒரு அட்டைச் சிமிழ் தன்னைச் சுற்றி வைரஸைக் கொல்லும் அளவு வாயுவை நிறுத்தி வைத்து, அதே சமயத்தில் ஒரு சாண் தூரத்திலிருக்கும் மூக்கைமட்டும் ஒன்றும் செய்யாது என்று நம்புவதற்குத் தனிப்பட்ட பக்தி வேண்டும்.

அதைவிடக் கொடியது குடிக்கச் சொல்வது. ‘அற்புத தாதுக் கரைசல்’ என்ற பெயரில், 28 விழுக்காடு சோடியம் குளோரைட்டை எலுமிச்சைச் சாற்றிலோ சிட்ரிக் அமிலத்திலோ கலந்து குடித்தால் மலேரியா முதல் ஆட்டிசம் வரை தீரும் என்று ஒரு கூட்டம் உலகெங்கும் பரப்பியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-இலும் 2019-இலும் எச்சரித்தும், கொரோனா காலத்தில் பொலிவியாவின் செனட் சபை அதை ஆதரித்துச் சட்டம் நிறைவேற்றப் புறப்பட்டது. வாந்தியும் பேதியும் கண்டவர்களிடம், நஞ்சு வெளியேறுகிறது என்றே சொன்னார்கள். குளோரைட் ரத்தத்தில் புகுந்தால் ஹீமோகுளோபினின் இரும்பைக் கெடுத்து, பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். குடிநீரில் போட்ட குளோரின் டை ஆக்ஸைடில் பாதிக்குமேல் குளோரைட்டாகவே மிஞ்சுவதால்தான் உலக சுகாதார நிறுவனம் அதற்கு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்று கோடு கிழித்திருக்கிறது. குளோரினுடைய குறைகளைப் பாடிவிட்டு இந்தக் குறையை முழுங்கிவிடும் கம்பெனிப் புத்தகங்களும் இல்லாமலில்லை.

இத்தனைக்கும் நடுவே, இந்த மருந்துக் கூட்டத்தார் தம் பக்கத்துக்கு இழுத்துக்கொண்ட ஓர் அழகிய ஆராய்ச்சி உண்டு. அது அவர்களுக்குச் சொந்தமல்லவாதலால் இங்கே சொல்கிறேன். ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் சிலர் 2013-இல், ஜெலட்டினிலும் பன்றியின் மூத்திரப்பைச் சவ்விலும் இந்த வாயு எவ்வளவு வேகமாக ஊடுருவுகிறது என்று அளந்து, ஓர் உயிரியை முழுதும் துளைக்க ஆகும் நேரம் அதன் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கணக்கிட்டார்கள். தடிப்புப் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. ஒரு மைக்ரான் பருமனுள்ள பாக்டீரியாவுக்குச் சில மில்லி செகண்டுகள் போதும். ஆயிரம் மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர், என்றால் பத்து லட்சம் மடங்கு, சில ஆயிரம் செகண்டுகள். அதற்குள் பெரிய உயிரின் ரத்த ஓட்டம் பாதுகாப்பு ரசாயனங்களைக் கொண்டுவந்து கொட்டிவிடும். புண்ணின் மேற்பரப்பில் மெல்லிய கரைசலைத் தடவுவதைப் பற்றிய வாதம் இது. குடலுக்குள் ஊற்றுவதற்கான அனுமதிச் சீட்டாக இதைக் காட்டுபவர்கள், ஒன்று வர்க்கக் கணக்கைப் படிக்கவில்லை, அல்லது நாம் படித்திருக்க மாட்டோம் என்று நம்புகிறார்கள்.

பண்ணைக்குத் திரும்புவோம். ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஏ-யையும் பி-யையும் அளவுப்படி ஊற்றி, மூடி, செட்டுக்கு வெளியே காற்றோட்டமான நிழலில் கால் மணி நேரம் வைத்தோம். மூடியைச் சற்றே நகர்த்தியபோது, உள்ளே தண்ணீர் எலுமிச்சைத் தோலின் பசுமஞ்சளாக மாறியிருந்தது; மூக்கைச் சுண்டும் ஒரு நெடி வந்தது, குளோரினுடையதைப் போலவும், அல்லாததைப் போலவும். உடனே மூடிவிட்டோம். ஒற்றைக் கேனின் சரக்கை ஒரு கண்ணாடித் தம்ளரில் விட்டுத் தண்ணீர் கலந்து வெயிலுக்கு நேரே பிடித்தார். நிறமே இல்லை.

“வெறும் தண்ணியாட்டம் இருக்குதுங்களே?”

அது வெறும் தண்ணீர் அல்ல, திண்ணையில் சாய்ந்திருக்கும் குளோரைட், காரம் சேர்த்து எழுந்துவிடாதபடி படுக்க வைத்திருக்கிறார்கள், அதைத்தான் ‘நிலைப்படுத்தியது’ என்கிறார்கள் என்று சொன்னேன். கிருமிகள் சுரக்கும் அமிலம் பட்டு அது கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொள்ளும் என்று செய்பவர்கள் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் அவருடைய போர் தண்ணீரின் பி.எச்.-இல் அந்த விழிப்புக்கு எத்தனை காலம் ஆகுமோ, அதற்குள் குழாயிலுள்ள கூடாரம் இன்னொரு மாடி கட்டிக்கொள்ளும். சுருங்கச் சொன்னால், அது அந்த ஜோடியிலுள்ள ஏ கேனேதான் என்றேன்.

அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு முட்டை அட்டையில் தேதி போடுவதற்காகச் சட்டைப் பையில் வைத்திருந்த மார்க்கரை எடுத்து, ஒற்றைக் கேனின் பளபளப்பான லேபிளுக்கு மேல் பெரிதாக ‘ஏ’ என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“அப்ப, பி இல்லாம வெறும் ஏ-க்கு எதுக்குங்க வெல சாஸ்தி?”